தம்பியின் முடக்கம் சோம்பல்தானா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 22. எட்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. குளிக்கச் சொன்னாலும் அசைவதில்லை. பக்கத்து வீட்டார் செல்போன் வழியாகத் தன்னை வேவு பார்ப்பதாகச் சொல்கிறான், தனியே முணுமுணுக்கிறான். காத்து கருப்பு என்கிறார் அம்மா. கால்கட்டு போட்டால் சரியாகும் என்கிறார் மாமா. என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயை நினைவூட்டுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோதான் அது தலைகாட்டும்.

அந்த முணுமுணுப்பு, காதில் விழும் குரல்களுக்கு அவர் சொல்லும் பதிலாக இருக்கலாம். யாரும் பேசாதபோதும் அவருக்கு நிஜமாகவே கேட்கும். வேவு பார்க்கிறார்கள் என்பதும் அப்படித்தான். எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத நம்பிக்கை. வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். “உனக்குப் பயமா இருக்கு, தூக்கமும் இல்லை, டாக்டரைப் பார்ப்போம்” என்றால் பலர் கிளம்பிவிடுவார்கள்.

வீட்டார் கோட்டைவிடுவது இன்னொன்றை. குளிக்காதது, பேச்சு குறைவது, எதிலும் நாட்டமின்மை, முகத்தில் உணர்ச்சி வற்றுவது. இவையும் அறிகுறிகளே. குரல்கள் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே இவை வந்துவிடுவதுண்டு. திமிர், சோம்பல் என்று திட்டியே அந்தக் காலம் கழிந்துவிடுகிறது. குரல்களும் சந்தேகமும் மாத்திரைக்கு ஓரளவு சீக்கிரம் அடங்கும். இந்த முடக்கம் லேசில் விடாது. பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

கஞ்சாப் பழக்கம், தைராய்டு, வலிப்பு போன்றவையும் இப்படிக் காட்டலாம் என்பதால் மருத்துவர் சில பரிசோதனைகள் எழுதுவார். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் வேலையைக் கட்டுப்படுத்துபவை. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்கம், உடல் எடை கூடலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேறியதும் நிறுத்துவதால்தான் நிறையப் பேருக்கு நோய் திரும்புகிறது.

அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமும் கட்டிப்போடும் இடமும் வேண்டாம். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. இன்று 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது.

கல்யாணப் பேச்சை மாமா இப்போதைக்குத் தள்ளிவைக்கட்டும். வரப்போகும் பெண்ணிடம் நோயை மறைப்பது அநியாயம். புது வாழ்க்கையின் நெருக்கடி நோயையும் கிளறும்.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். எது எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் உதவும். வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் நீங்களே முதலில் பேசலாம். ‘செத்துப்போ’ என்று குரல் சொல்வதாக அவர் சொன்னாலோ, சாப்பிடவே மறுத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.