தூக்கத்தில் கெண்டைக்கால் பிடிப்பு: வெடுக்கென்று இழுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து எழுப்பிவிடுகிறது. சதை கல் மாதிரி இறுகிவிடும். மனைவி கால் விரல்களைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிடுவார். சில நாள் உடனே விடுகிறது, சில நாள் வலி கூடுகிறது. இது நரம்புத் தளர்ச்சியா? மெக்னீசியம் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: விரலை இழுப்பது சரிதான். வெடுக்கென்று இழுப்பதில்தான் சிக்கல். தளர்ச்சி என்று பயப்படவும் வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் நரம்பு தளரவில்லை, அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

கால் தசைக்குச் சுருங்கத்தான் தெரியும், தானாக நீளத் தெரியாது. முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்புச் செல்லிலிருந்து கிளம்பும் இழை கெண்டைக்கால் வரை வருகிறது. அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்ததும், தசை நாருக்குள் கால்சியம் வெளிப்பட்டு, இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தசை குறுகுகிறது. ‘இளகு’ என்று தசைக்குத் தனி உத்தரவு கிடையாது. நரம்பு ஓய வேண்டும், வெளிப்பட்ட கால்சியம் தசை நாருக்குள் தான் இருந்த சேமிப்பறைக்கே திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பிடிப்பின்போது நரம்பு ஓய மறுக்கிறது.

ஏன் மறுக்கிறது? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கெண்டைச் சதை ஏற்கெனவே குறுகித்தான் கிடக்கிறது. தசையின் முடிவில், தசைநாணில், இழுவிசையை அளக்கும் உணர்வி ஒன்று உண்டு. விசை கூடினால் ‘போதும்’ என்று தண்டுவடத்துக்குச் சொல்வது அதுதான். சதை குறுகியே கிடந்தால் அந்தச் செய்தி சரியாகப் போவதில்லை என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

தசைக்குள்ளேயே இன்னோர் உணர்வி உண்டு. அது திடீரென நீட்டப்பட்டால் உடனே ‘சுருங்கு’ என்று பதில் வரவழைக்கும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியதும் கால் உதறுகிறதே, அதே வேலைதான். மூளையைக் கேட்பதே இல்லை. உங்கள் மனைவி வெடுக்கென்று இழுக்கும் நாட்களில் இதுவும் தூண்டப்படலாம். மெதுவாக நீட்டினால் இது பெரிதாகக் கிளம்பாது. நாணில் உள்ள உணர்விக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும்.

இன்னொரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. இப்போதே நாற்காலியில் உட்கார்ந்து, கெண்டைச் சதையில் கை வைத்துக்கொண்டு, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்பாதத்தை மட்டும் மேலே தூக்குங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை இறுகும். அது சுருங்கும்போது எதிர்ப்பக்கத் தசையின், அதாவது கெண்டைச் சதையின், நரம்பைத் தண்டுவடம் அடக்கி வைக்கிறது. 1932இல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் ஷெரிங்டன் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. பிடிப்பு வந்ததும் முதலில் நீங்களே இப்படி விரல்களை முழங்காலை நோக்கித் தூக்குங்கள். அப்புறம் மனைவி முன்பாதத்தை அதே பக்கமாக மெல்ல அழுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடிக்கட்டும்.

படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய 30 வினாடி நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் இப்படித் தசையை நீட்டிவிட்டுப் படுத்தவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது.

மெக்னீசியத்தில் முதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. சிறுநீரகக் கோளாறு இருந்தால் நீங்களாக எடுக்கவே கூடாது. பிடிப்புக்கென்று சிலர் சொல்லும் மலேரியா மருந்து குயினைன் பக்கம் போகாதீர்கள். ரத்தத்தையும் இதயத் துடிப்பையும் கெடுக்கக்கூடியது.

நீர் மாத்திரையோ கொழுப்புக்கு ஸ்டாட்டினோ சாப்பிடுகிறீர்களா? மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். நீவவோ நீட்டவோ வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நடந்தால் வலித்து நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பையும், சதை மெலிந்து பலம் குறைகிறது என்றால் நரம்பையும் சோதிக்க வேண்டும்.