மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கீழ்வீட்டு டிவிக்கு 35 மீட்டர். பழைய கேபிள் டிவி ஒயரையே இழுத்துவிடலாமா?

வேண்டாம். அந்த ஒயரின் மேலுறையில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள், அநேகமாக ஆர்ஜி-59 என்றுதான் இருக்கும், அது மெல்லிய ரகம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, சிக்னலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கீழே அனுப்புகிறது. பழைய கேபிள் டிவி ஓடியதெல்லாம் அதற்குக் கீழே. அலைவரிசை ஏற ஏற ஒயர் தின்னும் சிக்னலும் ஏறும்.

அதைவிடத் தடித்த ஆர்ஜி-6 வாங்குங்கள். 2150 மெகாஹெர்ட்ஸில் அதுவும் 100 மீட்டருக்கு 30 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேலே தின்னும். உங்கள் 35 மீட்டருக்கு 11 டெசிபெல் போல வரும், பயமில்லை. இன்னும் தடித்த ஆர்ஜி-11 இந்தத் தூரத்துக்கு வீண் செலவு, வளைப்பதற்குள் கை வலித்துவிடும்.

ஆர்ஜி-6லேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று நடுக்கம்பி முழுக்கச் செம்பு, மற்றது இரும்பின் மேல் செம்புப் பூச்சு. கடைக்காரர் எல்லாவற்றையும் "காப்பர் சார்" என்றுதான் சொல்வார். ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய் வெட்டிய முனையில் வையுங்கள், ஒட்டினால் இரும்பு. இவ்வளவு உயர் அலைவரிசை கம்பியின் தோலிலேயே ஓடிவிடும் என்பதால் சிக்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் செட்டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியாகத்தான் எல்என்பிக்குக் கரண்டும் அனுப்புகிறது: 13 வோல்ட் வந்தால் ஒரு பாதி சேனல்கள், 18 வந்தால் மறுபாதி. அந்தக் கரண்டுக்கு இரும்பில் தடை கூடுதல், ஆனாலும் 35 மீட்டருக்குப் பூச்சுக் கம்பியும் தாங்கும். நீளம் இதைவிட நன்றாகக் கூடினால் முழுச்செம்பே நல்லது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பாதி சேனல்கள் போய்விட்டன, மீதி பளிச்சென்று வந்தன. வந்த மெக்கானிக் எல்என்பியை மாற்றச் சொன்னார். எதற்கும் பார்ப்போம் என்று மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு துண்டு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே தண்ணீர், பச்சையாகப் பூத்த செம்பு. 18 வோல்ட் அந்த ஜாயின்டிலேயே கரைந்துபோய், எல்என்பி அதை 13 என்று நினைத்திருக்கிறது!

அதனால் நடுவில் ஜாயின்ட் போடாமல் ஒரே நீளமாக இழுங்கள். வெயிலில் கிடக்கும் ஒயருக்குக் கறுப்பு உறை வேண்டும். முனைக்கு, கையால் திருகி மாட்டும் கனெக்டர் வேண்டாம், கருவியால் அழுத்தி இறுக்கும் ரகம் போடச் சொல்லுங்கள். மேலுறைக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான். அப்புறம், ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வாங்கும்போது 2 மீட்டர் கூடுதலாகவே வாங்குங்கள், முதல் கனெக்டர் யாருக்குமே சரியாக அமைவதில்லை.