நீரில் தோய்த்தும் டைட்டேனியம் ஏன் உருக்கைப்போல் வன்மையடைவதில்லை?

திருகோணமலையில் படகுகளுக்கு உதிரிப்பாகம் கடையும் வாசகர் ஒருவர், 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள டைட்டேனியம் தண்டொன்றை உலையில் சிவக்கக் காய்ச்சிக் கடல்நீரில் தோய்த்தும் அது வன்மையடையவில்லை என்றும், அவ்வாறே தோய்த்த வேறு தரத்து மெல்லிய தண்டு முதலில் நன்றாக வளைந்து, 350 பாகை செல்சியசில் சில மணிநேரம் வைத்தபின் சட்டென முறிந்தது என்றும் எழுதிக் காரணம் கேட்டிருக்கிறார்.

உருக்கைத் தோய்க்கும்போது காபன் அணுக்கள் இரும்பணுக்களின் இடைவெளிகளில் சிக்கிப் பளிங்கை இறுக்குகின்றன. டைட்டேனியக் கலப்புலோகங்களில் அந்த வேலையைச் செய்யப் போதிய காபன் இல்லை. தூய டைட்டேனியம் 882 பாகைக்குக் கீழே அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுங்கிய அல்பா அவத்தையாகவும், அதற்கு மேலே கனசதுர ஒழுங்கில் அடுங்கிய பீற்றா அவத்தையாகவும் இருக்கும். அலுமினியமும் ஒட்சிசனும் இந்த எல்லையை உயர்த்துகின்றன. வனேடியம், மொலிப்டினம், குரோமியம், இரும்பு ஆகியவை தாழ்த்துகின்றன. புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற்று என்னும் கனியத்தில் டைட்டேனியத்தோடு கலந்திருக்கும் அதே இரும்பு, பீற்றாவை நிலைப்படுத்துவதில் மொலிப்டினத்தையும் விஞ்சியது.

உங்கள் தடித்த தண்டு, பரவலாகக் கிடைக்கும் 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கொண்ட தரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதன் எல்லை ஏறத்தாழ 995 பாகை. அதற்கு மேலிருந்து தோய்த்தால் பீற்றா, சடுதியாகக் குளிரும்போது உருவாகும் மாட்டென்சைற்று என்னும் மெல்லிய ஊசிகளாலான அமைப்பாக மாறும். ஆயினும் வனேடியம் டைட்டேனிய அணுக்களின் இடத்திலேயே அமர்வதால் வன்மை சற்றுத்தான் கூடும். 850 பாகையளவிலிருந்து தோய்த்தால் எஞ்சிய பீற்றாவில் வனேடியம் செறிந்திருப்பதால், அது மென்மையான வேறொரு மாட்டென்சைற்றாக மாறும் அல்லது மாறாமலே தங்கிவிடும். உண்மையான வலிமை, 955 பாகையளவிலிருந்து உடனே தோய்த்து, பின் 540 பாகையில் சில மணிநேரம் வைக்கும்போது நுண்ணிய அல்பா பிரிவதால் வருகிறது. அதுவும் 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் உட்பகுதி மெதுவாகக் குளிர்வதால் முழுமையாகக் கிட்டாது. ஆகவே இத்தண்டைத் தோய்க்காமல், வாங்கிய நிலையிலேயே கடைந்து பயன்படுத்துங்கள்.

மெல்லிய தண்டின் நடத்தை, பீற்றாவை நிலைப்படுத்தும் மூலகங்கள் அதில் மிகுந்திருப்பதைக் காட்டுகிறது. மொலிப்டினம் ஏறத்தாழ 10 சதவீதமோ வனேடியம் 15 சதவீதமோ இருந்தால் மாட்டென்சைற்று உருவாகாது. பீற்றா அப்படியே தங்கும், தண்டும் வளையும். ஆனால் அதை 350 பாகையளவில் வைத்தால் ஒமேகா எனப்படும் நுண்துகள்கள் பீற்றாவினுள் நெருக்கமாக விளைந்து, உலோகத்தை வன்மையாக்கும் அதேவேளை நொறுங்கவும் செய்யும். அலுமினியம் இதைத் தணிக்கும் என்றாலும் எல்லாத் தரத்திலும் முற்றாகத் தடுக்காது. 500 பாகையளவில் வைத்திருந்தால் ஒமேகாவுக்குப் பதிலாக அல்பா பிரிந்திருக்கும். சரியான வெப்பநிலையைத் தரச்சான்றிதழிலுள்ள சேர்மானத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வேறு தண்டுகளைத் தோய்க்க நேர்ந்தால், கடல்நீரைத் தவிர்த்து நன்னீரையே பயன்படுத்துங்கள். உப்புப் படிந்தபடி மீண்டும் சூடாக்கினால், தோய்த்ததால் உள்ளே தங்கிய இழுவிசையோடு சேர்ந்து வெடிப்புகள் உண்டாகக்கூடும். திறந்த உலையில் காய்ச்சிய தண்டின்மேல் அரம் வழுக்கினால், அதை வன்மை ஏறியதாகக் கொள்ளாதீர்கள்: அது ஒட்சிசன் ஊறிய, எளிதில் வெடிக்கும் மேற்றோல். உள்ளிருக்கும் உலோகம் தெரியும்வரை அதைக் கடைந்து நீக்கிய பின்னரே தண்டைப் படகில் பூட்டுங்கள்.