பதில்: பலெங்கேயிலிருந்து சான் கிறிஸ்தோபாலுக்கு இரவு பஸ்ஸில் போகலாமா?

மெக்ஸிகோவில் பலெங்கே மாயன் இடிபாடுகளைப் பார்த்த கையோடு ராத்திரி பஸ்ஸில் சான் கிறிஸ்தோபால் போகலாமா, கடற்கரைக்கு எடுத்த துணிமணியே போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ராத்திரி வேண்டாங்க. ஒகோசிங்கோ வழி மலைப்பாதையில் அடிக்கடி சாலை மறியல் நடக்கும். சுற்றுவழியானாலும் பெரிய பஸ்ஸில், பகலில் போங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், சான் கிறிஸ்தோபால் மலை ஊர், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி நடுங்கிவிடுவீர்கள்.

பக்கத்திலேயே, மாயன் பழங்குடிகளில் ஒரு பிரிவான சோட்சில் மக்களின் ஊர் சான் ஹுவான் சாமுலா. ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். தேவாலயத்தில் பெஞ்சே கிடையாது. தரையெங்கும் பைன் இலை பரப்பி, மெழுகுவத்தி வரிசை முன்னால் குடும்பமாக உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். உள்ளே படம் எடுக்கத் தடை, போனைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். மசுந்தே கடற்கரைக்கு அதன்பிறகு இறங்கினால் போதும்.