சினை ஆட்டுக்குத் தழையும் கெராங் சிப்பி ஓடும் போதுமா?

"சினை ஆடுகளுக்குக் கடையில் விற்கும் தாது உப்பு வாங்காமல், இயற்கைத் தீவனத்தை வைத்தே சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கால்வாசி முடியும். மிச்சமிருக்கும் கால்வாசியில் நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்திருக்கிறேன்.

பினாங்கில், நிபோங் திபால் பக்கம் 14 ஆடுகள் வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பது செம்பனை விதைப் பிண்ணாக்கும் தவிடும். இரண்டிலுமே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆட்டுக்குத் தேவையோ நேர்மாறு: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கால்சியம். சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டி எடை போடுவதெல்லாம் பெரும்பாலும் கடைசி 50 நாளில்தான். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு பிண்ணாக்கை மட்டும் தின்றுகொண்டிருந்தால் அந்தச் சமயத்தில் கால் தள்ளாடும்.

இதைச் சரிக்கட்டத் தழை போதும். முருங்கை, அகத்தி, கிளைரிசிடியா, முசுக்கட்டை எல்லாவற்றிலும் கால்சியம் உண்டு. காய்ந்த முருங்கை இலையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை இருக்கும். வேலியோர முருங்கையை இடுப்பளவில் வெட்டி வெட்டித் துளிர்க்க விடுகிறேன். சாம்பாருக்கு ஒரு காய்கூட மிஞ்சுவதில்லை என்று அம்மாவுக்கு இன்றுவரை கோபம்.

கடைசி இரண்டு மாதம் கெராங் ஓட்டுத் தூளும் சேர்க்கிறேன். கெராங் போட்டு நூடுல்ஸ் வறுக்கும் சார் குவே தியாவ் கடைக்காரர் ஓட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார். கழுவி, வெயிலில் காயவைத்து, நொறுங்கும் அளவுக்கு வறுத்து, இடித்துச் சலிக்க வேண்டும். சூளையில் வெந்தது போல வெளுக்கச் சுட்டுவிடாதீர்கள். அது சுண்ணாம்பாகிவிடும், வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனால் நம் வாய் படும் பாடுதான் ஆட்டுக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் தூளில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் கிடைக்கும். தவிட்டில் பிசைந்து வைத்தால் தின்றுவிடும். முட்டை ஓடும் இதே கணக்குத்தான்.

இனி அந்தக் கால்வாசி. அயோடின், செலினியம், செம்பு மூன்றும் மண்ணில் இருந்தால்தான் தழையில் இருக்கும். இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் விடாத மழை. தழை வெட்ட வெளியே போகச் சோம்பல்பட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளி இலையை வாட்டி, இரண்டு மாதம் தினமும் போட்டேன். வாட்டினால் நஞ்சு போய்விடும் என்ற நினைப்பு. பெரும்பகுதி போகும்தான். மிச்சத்தை உடல் முறிக்கும்போது உண்டாகும் பொருள், தைராய்டுக்கு அயோடின் போய்ச்சேர விடாது. ஆடு இரண்டு குட்டி ஈன்றது. ஒன்று செத்தே விழுந்தது. மற்றதுக்குத் தொண்டையின் இருபுறமும் கொட்டைப்பாக்கு அளவில் வீக்கம். உடம்பில் முடி பூனைமுடி போல அங்கங்கே. கால்நடை மருத்துவர் வீக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தழை போட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்.

பெத்தாய் பெலாலாங், அதாவது சவுண்டல் தழையிலும் தைராய்டைக் கெடுக்கும் மிமோசின் இருக்கிறது. ஹவாய் ஆடுகளை அது ஒன்றும் செய்யாததைக் கவனித்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். அவற்றின் வயிற்றில் இருந்த ஒரு பாக்டீரியா நஞ்சை முறித்துவிடுகிறதாம். அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். என் ஆட்டின் வயிற்றில் அது குடியிருக்கிறதா என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது? மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் போடுவதில்லை.

இப்போது கொட்டகையில் ஆட்டுக்கான தாது உப்புக்கட்டி தொங்குகிறது, அயோடின் சேர்த்தது. இயற்கைக்கு விரோதம் என்று என் தம்பி கிண்டல் செய்வான், செய்யட்டும். ஆனால் உங்கள் கொட்டகையில் செம்மறியும் இருந்தால் அந்தக் கட்டியைப் பொதுவில் தொங்கவிடாதீர்கள். அதில் செம்பும் இருக்கும், செம்மறிக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலும் ஆகாது. செம்பனைப் பிண்ணாக்கில் இருக்கும் செம்பே அதற்கு அதிகம்.

ஈனும் நாள் நெருங்கும்போது ஆடு படுத்துவிட்டு எழவில்லை, காது சில்லென்று இருக்கிறது என்றால் தழையையும் தூளையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது ஊசியில் கால்சியம் ஏற்ற வேண்டிய நிலையாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.