காற்று, சூரிய மின் திட்டங்களுக்குக் கேள்விப்பத்திரம் (ரெண்டர்) போடுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கேள்விப் பிணை (கேள்விப்பத்திரத்தோடு வைக்கும் வங்கி உத்தரவாதம்) பத்திரத்தில் கேட்ட திகதிக்கு மூன்று நாள் முன்பே காலாவதியாகிறது. ஏற்பார்களா? (வவுனியா)

ப: ஏற்கமாட்டார்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நிராகரிப்புத்தான். வங்கியிலிருந்து பிணை கைக்கு வந்ததும் திகதியையும் தொகையையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: பூநகரியில் காணி இருக்கிறது. அங்கே மின் திட்டம் போட்டால் மின்சார சபை இணைப்புத் தருமா?

ப: எத்தனை மெகாவாட், உபமின்நிலையம் (உங்கள் மின்சாரம் நாட்டின் மின்கட்டமைப்பில் சேரும் இடம்) எத்தனை கிலோமீற்றர், ஒன்றும் எழுதவில்லை. காணி உறுதி மட்டும் மின்சாரம் தராது. அந்த உபமின்நிலையத்தில் உங்கள் மின்சாரத்தை ஏற்க இடம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

கே: மன்னாரில் ஒரு திட்டத்துக்கு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், இன்னொன்றுக்கு 4.65. முந்தியது பகல் கொள்ளைதானே? (யாழ்ப்பாணம்)

ப: இரண்டு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 8.26 என்பது மன்னாரிலும் பூநகரியிலுமாகச் சுமார் 480 மெகாவாட்டுக்குப் போட்டியில்லாமல் பேசி முடித்த விலை. அந்த விலையைப் பேசிய இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. 4.65, 50 மெகாவாட்டுக்குப் போட்டியில் வந்தது. போட்டியில்லாத விலை கூடவா குறையவா என்று அளக்க நம்மிடம் கோலே இல்லை. 2022இல் சட்டத்தைத் திருத்திப் போட்டிக் கட்டாயத்தை நீக்கியதில் எனக்குள்ள ஆத்திரம் அதுதான்.

ஆனால் குறைந்த விலையும் காகிதத்தில் இருக்கும்வரை விளக்கை எரிக்காது. காணி யார் எடுப்பது, உபமின்நிலையம் வரை மின்பாதையை யார் போடுவது, ரூபாய் விழுந்தால் நட்டம் யாருக்கு என்ற மூன்றையும் பாருங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதை மறக்கவேண்டாம். மன்னாரில் உள்ள தம்பபவனியில் 30 காற்றாலை, 100 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதைக் கட்டியபோது மின்சார சபையே உரிமையாளர், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன். சபை பொறுப்பெடுத்தால் திட்டம் எழும்பும் என்பதற்கு அதுவே சாட்சி. காணியும் பாதையும் தீராமல் கேள்வி கோருவது, அத்திவாரம் வெட்டாமல் ஓடு வாங்குவது போல.

கே: சபை மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் கையில் இருந்தும் வங்கி கடன் தர மறுக்கிறது.

ப: சபை பணம் தராவிட்டால் யார் தருவார் என்ற வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. கேள்விப்பத்திரம் போடுமுன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும். காணி, பாதை, பணம்: மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

கே: ஞாயிற்றுக்கிழமை சூரிய மின்னை நிறுத்தச் சொல்கிறார்கள். காசு வருமா?

ப: நிறுத்திய அலகுக்கும் காசு உண்டென்று ஒப்பந்தத்தில் இருந்தால் வரும். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுதும் மின்சாரம் நின்றதும் ஞாயிறு பகல்தான்: பாவனை குறைவு, வெயில் அதிகம். புதிதாகக் கேள்விப்பத்திரம் போடுவோர், மிஞ்சும் பகல் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலச் செலவையும் விலையில் சேருங்கள்.