லிபர்டேரியன்கள் (தனிமனித சுதந்திரத்தில் அரசின் தலையீடு கூடியவரை குறைய வேண்டும் என்பவர்கள்) கொள்கையில் கறாராக இருக்க வேண்டுமா, நடைமுறைக்கு வளைந்து கொடுக்கலாமா?

வளைந்து கொடுக்கலாம் என்பதே என் வாதம். ஆனால் எந்தப் பக்கம் வளைகிறோம் என்று பார்த்து வளைய வேண்டும். நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே ஆளை உதாரணம் காட்டலாம்: பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன்.

அமெரிக்காவில் வியட்நாம் போருக்காக இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக்கொண்டிருந்த காலம். அதை நிறுத்த முடியுமா என்று ஆராய 1969-இல் அதிபர் நிக்சன் அமைத்த கேட்ஸ் குழுவில் ஃப்ரீட்மனும் இருந்தார். வரியே கொள்ளை, அரசே கூடாது என்ற லிபர்டேரியன் சிந்தனையாளர் மரே ராத்பார்டின் அளவுகோலை வைத்தால், வரிப்பணத்தில் சம்பளம் கொடுத்து விரும்பி வருபவர்களைச் சேர்ப்பதும் குற்றம்தான். ஃப்ரீட்மன் அந்த வழக்கை எடுக்கவே இல்லை. விருப்பமில்லாதவனைக் குறைந்த சம்பளத்துக்கு இழுத்துப் போவது அவன் தலையில் மட்டும் கட்டப்படும் மறைமுக வரி என்று வாதாடினார். குழு ஒருமனதாக அவர் பக்கம் வந்தது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது.

இதே மனிதர்தான் இரண்டாம் உலகப் போரின்போது நிதித்துறையில் இருந்துகொண்டு, சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடிக்கும் முறையை வடிவமைக்க உதவியவர். (அப்போது அவர் லிபர்டேரியனாக முழுமையாக மாறியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1943-இல் வந்த ஏற்பாடு, போர் முடிந்த பின்னும் போகவில்லை. கைக்கே வராத பணம் போனால் வலிக்காது என்பது டி.டி.எஸ். கட்டுகிற நமக்குத் தெரியாததா? 1971-இல் ராத்பார்ட் இதைச் சுட்டிக்காட்டித்தான் அவரைக் கிழித்தார். அந்த முறை ஒழிந்தால் தேவலை என்று பின்னாளில் ஃப்ரீட்மனே விரும்பினார்.

முதல் சமரசம் ஒரு கட்டாயத்தை அடியோடு நீக்கியது. இரண்டாவது, கட்டாயத்தைச் சுலபமாக்கிக் கொடுத்தது. இந்த வித்தியாசத்தை மோப்பம் பிடிக்கக் கறார்ப் பேர்வழிகள் தேவை. அதற்காக அவர்கள் கையில் கட்சியைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். 2016-இல் ஆர்லாண்டோவில் நடந்த, அமெரிக்க லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டிக்கான விவாதத்தில், வண்டி ஓட்ட உரிமம் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓட்டத் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது என்ற கேரி ஜான்சனுக்குக் கிடைத்தது கூச்சல். மறுநாள் அவரைத்தான் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் சுமார் 45 லட்சம் வாக்குகள் வாங்கினார். அதிபர் தேர்தலில் அதற்கு முன் அந்தக் கட்சி அவ்வளவு வாங்கியதே இல்லை.